பாடு முறையும் கடையடைக்கும் நேரமும்

விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேடு. ஆறு மணிக்குக் கடை திறப்பு. இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கி, கல்லாவை எண்ணி, கணக்கு எழுதி முடிக்கும்போது மணி பதினொன்றரை. நம்மில் பலருடைய நாள் இப்படித்தான் போகிறது. பிள்ளைகள் விழித்திருக்கும்போது வீட்டில் நாம் இல்லை; நாம் வீடு சேரும்போது பிள்ளைகள் விழித்திருப்பதில்லை.

உழைப்புக்கு நாம் எதிரிகள் அல்லர். உழைத்துத்தான் முன்னுக்கு வந்தோம். ஆயினும் உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

சோர்வின் அடையாளங்கள்

ஓயாத பணி அழுத்தத்தால் வரும் சோர்வுக்கு மூன்று அடையாளங்களை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. உடலும் மனமும் வற்றிப்போதல்; செய்யும் தொழில்மீதே வெறுப்பு வருதல்; வேலைத்திறன் குறைதல். கடையில் இவை எப்படித் தெரியும்? பழைய வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவோம். இருப்பில் உள்ள சரக்கையே மறுபடி வாங்கிப் போடுவோம். கடன் நோட்டில் வரவு வைக்க மறந்துவிட்டு, பணம் கொடுத்தவரிடமே மீண்டும் கேட்போம்.

உடலும் விலை கொடுக்கிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களை, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பிட்டு 2021-இல் ஆய்வு வெளியிட்டன. அதன்படி, அதிகம் உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்றால் நமது வாரக் கணக்கு 100-ஐத் தாண்டுகிறது!

நம் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று அளவு வகுத்தது. வார விடுமுறையும் தந்தது. கல்லாவில் அமரும் முதலாளிக்கு அப்படி வேலை நேர அளவு எதுவும் இல்லை. அதை நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

"நாம் அடைத்தால் எதிர்க்கடைக்காரர் திறந்திருப்பாரே, வாடிக்கை போய்விடுமே" என்பதுதான் எல்லோருடைய பதிலும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் போட்டியை ஊர் கூடி ஒழுங்கு செய்தவர்கள் சென்னைக்கு வடக்கேயே இருக்கிறார்கள்.

பழவேற்காட்டு வழக்கம்

பழவேற்காடு ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவை முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் உள்ள பகுதிகள். வலை வைத்திருப்போரோ பலர். எல்லோரும் எல்லா நாளும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். ஆகவே கோட்டைக்குப்பம் உள்ளிட்ட சில மீனவக் கிராமங்கள் தலைமுறைகளாக முறை வைத்து அந்த இடங்களைப் பகிர்ந்து வந்துள்ளன. இதற்குப் பாடு முறை என்று பெயர். இன்று ஒருவர் முறை, அடுத்து இன்னொருவர் முறை. தன் முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் வலை இறக்கக் கூடாது.

நமக்குப் 'பாடு' என்றால் கஷ்டம், உழைப்பு. அங்கே அதே சொல், யார் எப்போது எங்கே உழைக்கலாம் என்ற ஒழுங்குக்கும் பெயராகிவிட்டது. முறை இல்லாத நாளில் ஒதுங்கி நிற்பவருக்கு நஷ்ட பயம் இல்லை. அடுத்தவரும் தன் முறை தவறினால் ஒதுங்கித்தான் ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த முறையில் குறையும் உண்டு. உரிமை குறிப்பிட்ட சமூகத்தாருக்கும் கிராமங்களுக்குமே இருந்தது. இறால் ஏற்றுமதி பெருகி விலை ஏறியபின், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பங்கு கேட்டார்கள், தகராறுகள் எழுந்தன. சிலரை விட்டுவிட்டுச் செய்யும் ஒழுங்கு நிலைக்காது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு உள்ள தடைக்காலத்தையும் பாருங்கள். 2001 முதல் 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாட்களாயிற்று. அது மீன்வளத்துக்காக வந்த தடை. என்றாலும், தனியாக எந்தப் படகுக்காரரும் இரண்டு மாதம் கரையில் இருக்கத் துணியமாட்டார். எல்லாப் படகும் நிற்பதால்தான் அவரும் நிற்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

1. கடைத்தெரு வாரியாகக் கூடி, அடைக்கும் நேரத்தையும் வார விடுமுறையையும் முடிவு செய்து பலகையில் எழுதி வைக்கலாம். பெட்டிக்கடைக்காரரையும் நடைபாதை வியாபாரியையும் அழைக்காமல் முடிவு எடுக்க வேண்டாம்.

2. மருந்துக் கடை, பால் கடை போன்றவை முறை வைத்துத் திறக்கலாம்.

3. மொத்த வியாபாரிகள் லாரிச் சரக்கு இறக்கும் நேரத்தைப் பொதுவாக வகுத்தால், இரவு முழுதும் ஒருவர் கண்விழிக்க நேராது.

4. கடையடைத்தபின் செல்பேசியில் வரும் ஆர்டருக்கு மறுநாள் காலை பதில் சொல்வது எனச் சேர்ந்தே தீர்மானிக்கலாம்.

5. ஊழியருக்கு விடுப்பு எழுதும் பதிவேட்டில், முதலாளி தன் பெயரையும் எழுதிக்கொள்ளட்டும்.

பெருநிறுவனக் கடைகளும் இணைய வியாபாரமும் நம்மோடு சேர்ந்து அடைக்கப்போவதில்லை, உண்மைதான். விடிய விடிய விழித்து அவற்றை நாம் ஜெயிக்கவும் முடியாது. நம் பலம் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் முகமலர்ச்சி. தூங்கி எழுந்தவருக்கே அது வரும்.

மே 1 உழைப்பாளர் தினம். மே 5 வணிகர் தினம். வணிகரும் உழைப்பாளரே. அடுத்த சங்கக் கூட்டத்தில் கடையடைக்கும் நேரம் பற்றிப் பேசுவோம். ஒருவர் மட்டும் அடைத்தால் அது நஷ்டம். எல்லோரும் அடைத்தால் அது வழக்கம்.