கைக்குள் ஒரு கணக்கு – 9: இட்லித் தட்டை எப்படி அடுக்குவது?

ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா 2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலுக்காகக் கிண்டி ராஜ்பவனுக்குப் போய், 2023 மார்ச்சில் திரும்பி வந்து, மறுபடியும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. ரம்மியில் பணத்தை விட்டு உயிரையும் விட்டவர்களைப் பற்றிய செய்திகள் அந்த நாட்களில் அடுத்தடுத்து வந்தன. அதற்குப் பிறகு நம் வீடுகளில் ‘கேம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே பயத்தில், மூளைக்கு நல்ல தீனி போடும் புதிர் விளையாட்டுகளையும் சேர்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

சென்ற வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு, “அப்படியானால் எதைத்தான் விளையாடச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்த வாரம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ‘புதிர்’ என்று பெயர் போட்டுக்கொண்டு வருவதெல்லாம் புதிர் அல்ல. சாயங்காலம் கிண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் மாறுகிற கூட்டத்தைப் பாருங்கள். கைபேசித் திரைகளில் மிட்டாய்கள் வெடித்துக்கொண்டிருக்கும். 2012இல் வந்த கேண்டி க்ரஷ் வகை அது. ஐந்து உயிர் கொடுப்பார்கள். தோற்றுத் தோற்று அவை தீர்ந்ததும் ஓர் உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். உங்கள் பொறுமை எப்போது உடையும் என்பதில்தான் அங்கே வியாபாரம். நல்ல புதிர் விளையாட்டை அடையாளம் காண நான் இரண்டே கேள்விகள் கேட்பேன். காசு ஒரே முறையோடு முடிகிறதா? ஆட்டத்துக்கு ஒரு முடிவு இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் தைரியமாகப் பிள்ளையிடம் கொடுக்கலாம், நீங்களும் பக்கத்தில் உட்காரலாம்.

பக்கத்தில் உட்கார்ந்து ஆட முதல் சிபாரிசு ‘வெண்பா’. டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. கதை 1988இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலனுக்கு இட்லி ஊற்றப் போகிறாள். அம்மாவின் சமையல் குறிப்பேடு கையில் இருக்கிறது. ஆனால் அங்கங்கே கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். தட்டுகளைக் குழிக்கு நேராகக் குழி வைத்து அடுக்கினால் மேல்தட்டு கீழே உள்ள இட்லியை அமுக்கிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி வைக்க வேண்டும். நம் அம்மாக்கள் யோசிக்காமலே செய்கிற காரியம், இங்கே ஒரு புதிராக நிற்கிறது. பிறகு புட்டு, பிரியாணி என்று போகப் போக, கவின் என்ற மகன் வளர்கிறான், தமிழிலிருந்து விலகுகிறான், குறிப்பேட்டின் கிழிசலுக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருது இதற்குத்தான் கிடைத்தது. ஆடி முடிக்க ஒரு மதியம் போதும்.

கைபேசியில்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’. பார்சிலோனாவின் போட்டி போட்டி ஸ்டூடியோ 2025 ஆகஸ்டில் கொண்டுவந்தது. பஸ், தியேட்டர், விருந்து என்று ஒவ்வொரு இடத்திலும் ஆட்களை உட்கார வைப்பதுதான் வேலை. ஒருவருக்கு ஜன்னலோரம் வேண்டும், இன்னொருவருக்குப் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது, மூன்றாமவர் பூசியிருக்கும் சென்ட் நான்காமவருக்கு ஆகாது. கடிகாரம் விரட்டாது. கிண்டியில் பஸ் மாறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை.

‘பாபா இஸ் யூ’ 2019இல் வந்தது, புதியது அல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. பின்லாந்துக்காரர் அர்வி தெய்காரி செய்தது. இதில் விதிகளே தள்ளக்கூடிய கட்டைகளாகத் திரையில் கிடக்கும். ‘சுவர்’, ‘என்பது’, ‘தடை’ என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்கள் வரிசையாக இருக்கும்வரை சுவர் உங்களை மறிக்கும். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள், சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களை முந்திக்கொண்டு விடை சொல்லும் ஆட்டம் இது.

மொழியில் ஆசை உள்ளவர்களுக்குப் பிரான்சின் துலூஸ் நகரத்து ரண்டிஸ்க் குழுவின் ‘சான்ட்ஸ் ஆஃப் சென்னார்’ (2023). ஒரு பிரம்மாண்டமான கோபுரம், மாடிக்கு மாடி வேறு மக்கள், வேறு எழுத்து. யார் எந்தக் குறியைச் சொல்லும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்துக் குறிப்பேட்டில் ஊகத்தை எழுத வேண்டும். வேலை தேடி ஊர்விட்டு வந்து கிண்டி தொழிற்பேட்டையில் தமிழ் பழகிய ஒடிசா, பிகார் தொழிலாளிகள் இதை நிஜத்திலேயே ஆடி ஜெயித்தவர்கள். 2025 ஏப்ரலில் வந்த ‘ப்ளூ பிரின்ஸ்’ஸில் 45 அறைகள் கொண்ட மாளிகையில் 46ஆவது அறையைத் தேட வேண்டும், நல்ல ஆங்கிலமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இனி வரப்போவதில் என் எதிர்பார்ப்பு ‘ஆர்டர் ஆஃப் தி சிங்க்கிங் ஸ்டார்’. ‘ப்ரெய்ட்’, ‘தி விட்னஸ்’ செய்த ஜோனதன் ப்ளோவின் அடுத்த படைப்பு. வெளியீடு 2026 என்று அறிவித்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லும்போது மனதை உறுத்துவது ஒன்று. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி கிண்டியில் இருக்கிறது. இட்லித் தட்டுப் புதிர் மட்டும் டொரன்டோவிலிருந்து வரவேண்டியிருந்தது. நம்மிடம் சரக்கு இல்லாமலா?

சிக்குக் கோலத்தையே எடுத்துக்கொள்வோம். நேர் வரிசையில் 3க்கு 4 புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிப் பின்னலாக இழுத்தால் ஒரே இழையில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். 4க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனி இழைகளாகப் பிரிந்துவிடும். நிரையின் எண்ணும் நிரலின் எண்ணும் எந்த மிகப் பெரிய எண்ணால் மீதியின்றி வகுபடுகின்றனவோ, அத்தனை இழைகள். இரண்டு வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தில் வெட்டை எடுத்துவிட்டு வளைத்துவிட்டால் அவை ஒன்றாகிவிடும். அப்படியென்றால் நான்கு இழைகளை ஒன்றாக்க மூன்று வெட்டுகளை எடுத்தால் போதும். எந்த மூன்று? எடுத்த பிறகும் கோலம் நாலாப்பக்கமும் ஒரே மாதிரி இருக்குமா? நூறு கட்டம் கொண்ட ஒரு முழு விளையாட்டு இங்கேயே காத்துக்கிடக்கிறது.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1974லேயே வெளிவந்துவிட்டது. கமலா பிறகு, கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட ஐஐடி வளாகத்தில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தார். அடித்தளத்தை அவர்கள் போட்டுவிட்டார்கள். கல்லூரி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இதை எடுத்துச் செய்யலாம். ஏற்கெனவே யாராவது செய்துகொண்டிருந்தால், பாதி வேலையில் இருந்தாலும் பரவாயில்லை, இந்தத் தொடருக்கு எழுதுங்கள். அடுத்து வரும் வாரங்களில் முதல் இடம் அதற்குத்தான்.

(தொடரும்)