தெற்கு ரயில்வே மீது வழக்குப் போட முடியுமா?

ரயில்வே ஒப்பந்தம் எதையாவது எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடுபவர் தெற்கு ரயில்வே அதிகாரியாக இருப்பார். ஆனால் "இந்தியக் குடியரசுத் தலைவருக்காகவும் அவர் சார்பிலும்" என்று எழுதியிருக்கும். அதே ரயில்வே சம்பந்தப்பட்ட கோர்ட் தீர்ப்பில் பிரதிவாதியின் பெயர் "யூனியன் ஆஃப் இந்தியா", அதாவது இந்திய ஒன்றியம். அனுப்பிய சரக்கு தொலைந்துபோனால் கொடுக்கும் நோட்டீஸிலோ "பொது மேலாளர், தெற்கு ரயில்வே". ஒரே ரயில்வேக்கு எதற்கு மூன்று பெயர்?

தெற்கு ரயில்வே ஒரு கம்பெனி இல்லை என்பதுதான் காரணம். ஒரு காலத்தில் இங்கே ஓடியவை கம்பெனி ரயில்கள்தான். 1874-ல் உருவான சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியை 1944-ல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று அதோடு மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயையும் மைசூர் ஸ்டேட் ரயில்வேயையும் இணைத்து தெற்கு ரயில்வே வந்தது. அது மத்திய அரசின் ஒரு மண்டலம், அவ்வளவுதான். சட்டத்தின் கண்ணில் அதற்குத் தனி ஆள் என்ற அந்தஸ்து கிடையாது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், "தெற்கு ரயில்வே" என்பது திரையில் தெரியும் பெயர். டேட்டாபேஸில் இருக்கும் ஐடி வேறு.

அந்த ஐடி எது என்பதை அரசியலமைப்பே சொல்லிவிடுகிறது. பிரிவு 300-ன்படி இந்திய அரசு வழக்குப் போடுவதும், அதன்மேல் வழக்குப் போடுவதும் "இந்திய ஒன்றியம்" என்ற பெயரில். பிரிவு 299-ன்படி ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் பெயரில். (பயப்பட வேண்டாம், அவருக்கு அதில் சொந்தப் பொறுப்பு எதுவும் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது.)

பொது மேலாளர் எங்கே வருகிறார்? 1989-ம் வருட ரயில்வே சட்டத்தில் "ரயில்வே நிர்வாகம்" என்றால், அரசு ரயில்வேயைப் பொறுத்தவரை, அந்த மண்டலத்தின் பொது மேலாளர் என்று அர்த்தம். சரக்கு தொலைந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 106. சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80-ம், ரயில்வே சம்பந்தமான வழக்கு என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பை அவருக்கே கொடுக்கச் சொல்கிறது.

சிக்கலே இங்குதான். நோட்டீஸ் பொது மேலாளருக்குத்தானே, வழக்கையும் அவர் மேலேயே போடலாம் என்று தோன்றும். கூடாது. அடுத்த வீட்டுப் பிரிவு 79, பிரதிவாதி இந்திய ஒன்றியம் என்கிறது. இதில் தடுக்கியது சாதாரண ஆள் இல்லை, ஒரு மாநில அரசு! கேரள அரசுக்கும் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் இடையிலான வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம், இந்திய ஒன்றியத்தைச் சேர்க்காமல் பொது மேலாளர் மேல் மட்டும் போட்ட வழக்கு நிற்காது என்று சொல்லிவிட்டது. நஷ்டம் உண்மையா, எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்னால் பெயர் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் மனுக்களில் "இந்திய ஒன்றியம், பொது மேலாளர், தெற்கு ரயில்வே மூலமாக" என்று நீட்டி எழுதுகிறார்கள். முதல் பாதி ஆள், இரண்டாம் பாதி விலாசம்.

எல்லா ரயில் பெயருக்கும் இந்தக் கதை பொருந்தாது. நாம் டிக்கெட் புக் பண்ணும் ஐஆர்சிடிசி 1999-ல் தொடங்கிய கம்பெனி. கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் லிமிடெட் 1990-ல் வந்தது. சென்னை மெட்ரோ ரயில் லிமிடெட்டும் கம்பெனிதான். இவற்றை அந்தப் பெயரிலேயே நேராக வழக்குக்கு இழுக்கலாம். டிக்கெட் விற்ற வெப்சைட்டும் ஓடுகிற ரயிலும் நமக்கு ஒன்றுதான், சட்டத்துக்கு இரண்டு வேறு ஆட்கள்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் கையில் ரயில்வே காகிதம் ஏதாவது இருந்தால், முதலில் பெயரின் கடைசியில் "லிமிடெட்" இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கம்பெனி. வெறும் மண்டலப் பெயர் என்றால், பின்னால் நிற்பது இந்திய அரசு.