சூடு பட்டால் முதலில் தண்ணீர், பிறகு கற்றாழை

தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், குக்கரைத் திறந்ததும் அடிக்கும் ஆவி, தோசைக்கல்லின் ஓரம், வண்டியிலிருந்து இறங்கும்போது காலில் படும் சைலன்சர். சிறிய தீக்காயம் பார்க்காத வீடே இல்லை. சூடு பட்டதும் பலருக்கு நினைவில் வருவது தொட்டியில் வளரும் சோற்றுக்கற்றாழை. அதன்மேல் நம் குடும்பங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை வீணானதல்ல. ஆனால் அது இரண்டாவதாக வரவேண்டிய மருந்து. முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இந்த வரிசையை மாற்றிவிட்டால் எவ்வளவு நல்ல கற்றாழையும் பாதி பலன்தான் தரும்.

முதல் 20 நிமிடம்

சூடான பொருளிலிருந்து கையை எடுத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தோலுக்குள் இறங்கிய வெப்பம் அடியிலுள்ள திசுக்களைத் தொடர்ந்து சேதப்படுத்துகிறது. அந்த வெப்பத்தை வெளியே இழுப்பதுதான் தண்ணீரின் வேலை. காயத்தைக் குழாயடியில் நீட்டி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எரிச்சல் அடங்கிவிட்டதென்று இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட வேண்டாம். பதற்றத்தில் உடனே செய்யத் தவறினாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. குழந்தையாக இருந்தால் காயத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள்.

வீக்கம் வருவதற்குள் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. கடுங்குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே வெந்த தோலை மேலும் கெடுக்கும். டூத்பேஸ்ட், பேனா மை, காபித்தூள், மஞ்சள்தூள், இட்லி மாவு, வெண்ணெய் எதையும் பூச வேண்டாம். எண்ணெய்ப் பசை வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். தூளும் மாவும் புண்ணில் ஒட்டிக்கொண்டு கிருமிக்கு இடம் கொடுக்கும். மருத்துவர் அதைக் கழுவி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும்.

கற்றாழை எதற்கு உதவும்?

தோல் சிவந்து, எரிச்சலோடு, கொப்புளம் இல்லாமல் இருக்கும் சின்னக் காயத்துக்குத்தான் வீட்டுக் கற்றாழை. கடும் வெயிலில் தோல் சிவந்து எரிவதும் இந்த வகைதான். கொப்புளம் எழும்பியிருந்தால் அதை உடைக்காதீர்கள். உள்ளே வளரும் புதுத் தோலுக்கு அதுவே இயற்கையான கட்டு. உடைந்த கொப்புளத்தின் மீதும் திறந்த புண்ணின் மீதும் வீட்டில் வெட்டிய கற்றாழையை வைக்கக் கூடாது. எவ்வளவு கழுவினாலும் அது கிருமி நீக்கப்பட்ட பொருளாகிவிடாது.

கற்றாழைச் சோற்றில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர். அதனால்தான் பூசியதும் குளிர்ச்சி. மிச்சமிருக்கும் சிறு பகுதியில் அசிமன்னான் போன்ற சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. இவை ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு, தோல் புதுப்பிக்கப்படுவதற்கும் துணைபுரிவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கதிர்வீச்சுச் சிகிச்சையால் புண்ணான தோலுக்குக் கற்றாழை மடலைப் பயன்படுத்தியது பற்றி அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 1935லேயே கட்டுரை வந்தது. 2007இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், 371 பேர் பங்கேற்ற 4 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றாழை பூசியவர்களுக்குக் காயம் சராசரியாக ஏறத்தாழ 9 நாள் முன்னதாக ஆறியிருந்தது. ஆய்வுகள் குறைவு, அவற்றில் பயன்படுத்திய கற்றாழை மருந்துகளும் வெவ்வேறு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நம்பிக்கை தரும் செய்திதான்.

மஞ்சள் பாலை வடியுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசியும். அதிலுள்ள அலோயின் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம் இந்தப் பாலை இறுக்கிச் செய்வதுதான். தீக்காயத்தில் அதற்கு வேலை இல்லை.

செடியின் அடியிலுள்ள முற்றிய மடலை எடுங்கள். வெட்டிய முனை கீழே இருக்கும்படி டம்ளரில் 15 நிமிடம் நிறுத்தினால் பால் வடிந்துவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஓர முட்களையும் பச்சைத் தோலையும் சீவி எடுங்கள். சோற்றை மஞ்சள் நிறமும் கசப்பு வாடையும் போகும்வரை நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் வேண்டாம். ஒத்துக்கொண்டால், குளிர்வித்த காயத்தில் மெல்லிய படலமாக நாளைக்கு இரண்டு மூன்று முறை தடவலாம். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பதே நல்லது.

கடையில் வாங்கும் ஜெல் என்றால் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஆல்கஹாலும் நறுமணமும் சேர்த்தவை காயத்தில் எரியும். கற்றாழைச் சோறு நிறமற்றது; பளிச்சென்ற பச்சை, சேர்த்த சாயம்.

காத்திருக்கக் கூடாத காயங்கள்

இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடுமையான தீக்காயத்துக்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படிப்பட்ட காயங்களுக்குக் கைவைத்தியம் போதாது. பின்வரும் எதுவாக இருந்தாலும் காயத்தைக் குளிர்வித்து, சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடுமையாக இருந்தால் 108ஐ அழையுங்கள்.

• பாதிக்கப்பட்டவரின் கை அளவைவிடப் பெரிய காயம்
• முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம்
• தோல் வெளுத்தோ கருகியோ தோல் பட்டைபோல் இறுகியோ இருப்பது
• மின்சாரத்தாலும் ஆசிட் போன்ற ரசாயனங்களாலும் ஏற்பட்ட எந்தக் காயமும் (மின்சாரம் என்றால் இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும்)
• கைக்குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு ஏற்பட்ட காயம்
• சில நாள் கழித்துச் சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி

ஆழமாகச் சுட்ட இடத்தில் நரம்பு முனைகளும் கருகிவிடுவதால் வலி தெரியாமல் போகும். வலியில்லை என்பதைக் குணமாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சமைப்பவர் மட்டுமல்ல, பள்ளி செல்லும் பிள்ளை உட்பட வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இந்த வரிசையை அறிந்திருக்க வேண்டும். இன்றே சொல்லிக்கொடுங்கள்: சூடு பட்டால் 20 நிமிடம் தண்ணீர், சிவப்பு மட்டும் என்றால் கற்றாழை, அதற்கு மேல் என்றால் மருத்துவர்.