மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் சிகிச்சை: உங்களுக்கு ஏற்றதைக் கண்டறிதல்

கத்திரி வெயிலில் சென்னையில் வியர்க்காதவர் எவருமில்லை. ஆனால் மார்கழி இரவிலும் மின்விசிறியின் கீழ் நனைந்து விழித்தெழும் 46, 47 வயதுப் பெண்ணுக்கு, சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதே பெரும்பாலும் காரணம். தைராய்டு மிகைச் சுரப்பாலும் காசநோயாலும் இரவு வியர்வை வரலாம் என்பதால், தேவைப்பட்டால் அவற்றுக்கான பரிசோதனைகள் முதலில் செய்யப்படும். உடல் அனல் உங்கள் உறக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால், அதைத் தணிப்பதில் ஹார்மோன் சிகிச்சையே மிகுந்த பயனளிக்கிறது. தொல்லை சிறிதெனில் சிகிச்சை தேவையில்லை.

உங்கள் சகோதரிக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. மருத்துவர் முதலில் கேட்பது, கருப்பை இருக்கிறதா என்பதே. இருந்தால் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் கட்டாயம் தேவை. இல்லையேல் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோயாக மாறக்கூடும். கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்குச் சினைப்பைகளும் அகற்றப்பட்டனவா என்பது தெரிவதில்லை. பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வாருங்கள். வீட்டார் இதில் உதவலாம்.

மார்பகப் புற்றுநோய் வந்துவிடுமோ என்ற அச்சம் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வினால் பரவியது. இரு மருந்துகளையும் சேர்த்து உட்கொண்டவர்களில், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களின் சராசரி வயது 63. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குவோரில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி. எனினும் மார்பகப் புற்றுநோய், இரத்தக்குழாய் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனம் போன்ற இடங்களில் சிகிச்சை பெற்றவர்கள், அங்குள்ள மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது.

மாத்திரை எளிது, ஆனால் கல்லீரல் வழியே செல்வதால் இரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். உடற்பருமன் உடையவர்களுக்குத் தோலில் பூசும் ஜெல் மேலானது. பூசிய இடம் உலரும்வரை பேரக்குழந்தையைத் தூக்க வேண்டாம். பின்னரும் அவ்விடம் குழந்தைமேல் படாதவாறு ஆடையால் மூடிக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டும் பட்டை நம் ஊர் வியர்வையில் கழன்றுவிடுகிறது என்பது பலரின் குறை. பிறப்புறுப்பு வறட்சியும் சிறுநீர் எரிச்சலும் மட்டுமே தொல்லையெனில், அங்கே இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும்.

முதல் மருந்தே பொருந்திவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். மார்பு வலி, குமட்டல், திட்டுத்திட்டான உதிரப்போக்கு ஆகியவை தொடக்கத்தில் வரக்கூடும். மாதவிடாய் முற்றிலும் நிற்குமுன் தொடங்கியவர்களுக்கு மாதந்தோறும் உதிரம் வருவது இயல்பே. நீங்களாகவே நிறுத்திவிடாமல் மூன்று மாதங்களில் மீண்டும் வாருங்கள். அளவையோ வகையையோ மாற்றிப் பார்க்கலாம். இது கருத்தடை மருந்தன்று என்பதையும் நினைவிற்கொள்க.

மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதியினர் திருவல்லிக்கேணி அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையிலோ, எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனையிலோ காலைப் புறநோயாளிகள் பிரிவை அணுகலாம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் துளி உதிரம் கண்டாலும் தாமதிக்காமல் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.