பூவைப் பார்த்த பின் பறியுங்கள்: மணத்தக்காளியை இனங்காணல்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு வயது பதினான்கு. மாரி தொடங்கியிருந்தது. யாரோ ஒருவருடைய தென்னங்காணியில் நாலைந்து குடும்பங்கள் கொட்டில் போட்டிருந்தோம். மழைக்கு முளைத்தவற்றுள் கறிக்கு உதவுவதைத் தேடுவது பெண்களுக்கு அன்றாட வேலையாயிற்று.

ஒருநாள் பக்கத்துக் கொட்டில் ஆச்சி மணத்தக்காளி இலை பறித்து வறை செய்தார். அன்று மாலையே அவருடைய பேரனுக்கு வாய் வறண்டது, முகம் சிவந்தது. கண்மணிகள் அகல விரிந்திருக்க, இல்லாத பூச்சிகளைக் கையால் பிடிக்கத் தொடங்கினான். ஆச்சி பறித்தவற்றுள் ஊமத்தங்கன்றின் இலையும் கலந்திருந்தது. பிள்ளையை வைத்தியசாலையில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதன்பின் ஆச்சி இலைக்கறி பறிக்கவேயில்லை.

அவர் அறியாதவர் அல்லர். தன் வளவில் ஐம்பது வருடமாக அதே இலையைப் பறித்தவர். கிணற்றடியில் எது முளைக்கும், வேலியோரம் எது முளைக்கும் என்பது அவருக்குப் பாடம். இடம் தெரிந்திருந்தபடியால் செடியை உற்றுப்பார்க்கும் தேவை இருக்கவில்லை. பிறர் காணியில் குடியிருக்கும் நாமோ செடியைத்தான் பார்க்கவேண்டும்.

மணத்தக்காளி முழங்கால் அளவு, சில இடங்களில் இடுப்பளவும் வளரும். முள் இராது. இலை முட்டை வடிவம், நுனி கூர். இவற்றை மட்டும் நம்பிப் பறிக்கவேண்டாம். ஊமத்தங்கன்றும் சிறிதாயிருக்கையில் ஏறக்குறைய இப்படித்தான் தோன்றும். பூவைப் பாருங்கள். மிளகாய்ப் பூவிலும் சிறியது. வெள்ளை நிறம், ஐந்து இதழ், நடுவே மஞ்சள் கூம்பு. பல பூக்கள் ஒரே காம்பில் கொத்தாகத் தொங்கும். காய் பட்டாணிக்கும் சிறியது, பச்சையாயிருந்து கறுப்பாகப் பழுக்கும். செம்மஞ்சளாகப் பழுக்கும் சாதியும் உண்டு. ஊமத்தையிலோ பூ தனித்தனியாக, நீண்ட குழல்போல் இருக்கும். காய் உருண்டு முள்ளுடன் இருக்கும். இலையைக் கசக்கினால் கெட்ட நாற்றம் வரும். காய் பலூன் போன்ற உறைக்குள் இருந்தால் அதுவும் மணத்தக்காளி அன்று.

தாவரவியலார் இதனைச் சொலானம் நைகிரம் என்பர். நைகிரம் என்றால் கறுப்பு. (குருமடத்தில் படித்த லத்தீன் தோட்டத்தில் உதவியது இந்த ஓரிடத்தில்தான்.) ஆங்கிலத்தில் இதற்கும் நைட்ஷேட் என்றே பெயர். அப்பெயரைப் புத்தகத்தில் கண்டு, இது கொடிய நஞ்சு என்று பிடுங்கி எறியச் சொன்ன தொண்டர் ஒருவரையும் நான் கண்டிருக்கிறேன். அவர் பயந்தது பெலடோனா என்ற ஐரோப்பியச் செடிக்கு. அதன் பூ ஊதா நிறத்தில் மணிபோலத் தொங்கும். பழம் கொத்தாக அன்றித் தனியாகவே நிற்கும். பசித்த குடும்பங்களிடமிருந்து நல்ல கீரை ஒன்றை அவர் பறித்துவிட்டார் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆயினும் மணத்தக்காளியின் பச்சைக் காயில் நஞ்சு உண்டு. பிள்ளைகள் கைநிறையப் பறித்துத் தின்றால் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். "வத்தல் போடுகிறோமே, சுவாமி" என்று தாய்மார் கேட்பார்கள். உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சோற்றுக்கு நாலைந்தைப் பொரித்துக்கொள்வது வேறு. பச்சையாகத் தின்பது வேறு. பிள்ளைகளுக்கு நன்கு பழுத்ததை மட்டும் கொடுங்கள். இலையை அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

இலைக்கறி உண்டபின் வாய் வறட்சி, பிதற்றல், மயக்கம் கண்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சமைத்த இலையில் மிச்சத்தையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன நஞ்சு என்று வைத்தியர் அறிய அது உதவும்.

நிச்சயமான ஒரு செடி கிடைத்ததும் அதன் பழுத்த பழங்களைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். கொட்டிலின் பின்புறம் கழிவுநீர் ஓடும் இடத்தில் தூவினால் போதும். ஒரு பழத்திலேயே பல விதைகள் இருக்கும். பக்கத்துக் கொட்டிலுக்கும் கொடுக்கலாம்.