செயலியை நீக்கியாயிற்று, அது விட்டுச் சென்ற கோப்புகள்?

குளுவாங் – விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு முறைப்படி மாற முடியாது. குளுவாங் பட்டணமானாலும் சுற்றுவட்டாரத் தோட்டமானாலும், பழைய மடிக்கணினி அண்ணனிடமிருந்து தங்கைக்கோ, கடைக்கோ கைமாறும் காலம் இது.

கொடுப்பதற்கு முன் பலர் செய்வது செயலிகளை 'அன்இன்ஸ்டால்' செய்வதுதான். பட்டியலில் பெயர் மறைந்ததும் எல்லாம் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் போவது நிரல் மட்டுமே. அதைப் பயன்படுத்தியவர் சேர்த்து வைத்தவை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

குரோம் உலாவியை எடுத்துக்கொள்வோம். அதை நீக்கும்போது, உலாவல் தரவையும் அழிக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். அதில் குறியிடாவிட்டால், பார்த்த பக்கங்களின் வரலாறும் சேமித்த கடவுச்சொற்களும் கணினியிலேயே தங்கிவிடும். ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான். மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்டை நீக்கினால், இறக்கி வைத்த கடிதங்கள் அங்கேயே கிடக்கும்.

இது மென்பொருளின் கோளாறு அல்ல. மீண்டும் நிறுவும்போது பழைய அமைப்புகள் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இப்படிச் செய்கிறார்கள். கணினி நம்மிடமே இருக்கும்வரை அது வசதி. அடுத்தவர் கைக்குப் போனால் ஆபத்து.

இவை பெரும்பாலும் சி டிரைவில், பயனர் பெயருள்ள கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்ற இடத்தில் இருக்கும். அது மறைக்கப்பட்ட கோப்புறை. ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கண்ணில் படும். நீக்கிய செயலியின் பெயரில் உள்ளதை மட்டும் அழிக்கலாம். பெயர் புரியாததைத் தொடாமல் விடுவதே நல்லது.

ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை அவசரப்பட்டு நம்ப வேண்டாம். 2017-இல் புகழ்பெற்ற 'சிகிளீனர்' செயலியின் ஒரு பதிப்பிலேயே தீய நிரல் புகுத்தப்பட்டு, சுமார் 22 லட்சம் பேரின் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களை மைக்ரோசாப்டும் ஆதரிப்பதில்லை.

கைத்தொலைபேசியில் நிலைமை சற்று மேல். செயலியை நீக்கினால் அதன் சொந்தத் தரவும் போய்விடும். ஆனால் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் இறக்கிய வங்கி அறிக்கை, அடையாள அட்டை நகல் போகாது. நிறுவனத்தின் சேவையகத்தில் உள்ள கணக்கும் மூடப்படாது. அதைத் தனியாகத்தான் மூட வேண்டும்.

தமிழ் வீடுகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் கோயில் கூட்டக் குறிப்பு, திருமண அழைப்பிதழ், தாத்தாவின் நினைவு மலர் எல்லாம் பாமினி, டிஸ்கி, டேப் போன்ற குறியாக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்டன. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் அன்று பரவலாகப் புழங்கின. பழைய மென்பொருளை நீக்கும்போது எழுத்துருவும் சேர்ந்து போய்விட்டால், கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாய்ப் புரியாத கோலம் தெரியும். கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவோரும் உண்டு. கோப்பில் எழுதியது எதுவும் அழிந்திருக்காது. அதே எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும்.

ஆகவே முதலில் இத்தகைய கோப்புகளைத் தேடி, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றி, வெளி வட்டில் சேமிக்க வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. மாற்றியதை வேறொரு கணினியில் திறந்து படித்துப் பார்த்த பிறகே, விண்டோஸின் 'ரீசெட்' பகுதிக்குச் சென்று 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதையும், தரவைத் துடைக்கும் 'கிளீன் டேட்டா' என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். அது முடியப் பல மணி நேரம் பிடிக்கும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.