உங்கள் வயலுக்குச் செல்லும் பாதை பதிவேட்டில் உள்ளதா?



நல்ல விதை, போதிய உரம், தேவையான தண்ணீர் ஆகிய மூன்றையும் முயன்று தேடிக்கொள்ளும் நாம் நான்காவதாக ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. அது வயலுக்குப் போகும் வழி. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கும். அறுவடை இயந்திரமும் சாலையோரம் வந்துவிடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே, நேற்றுவரை வண்டி போன தடத்தில் புதிதாகக் கல் நட்டு முள்கம்பி கட்டியிருப்பார்கள். அன்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஓடினாலும் நீதிமன்றத்துக்கு ஓடினாலும் அந்தப் போகத்து விளைச்சலைக் காப்பது அரிது.

"பாட்டனார் காலத்திலிருந்து இந்த வழியாகத்தான் போகிறோம்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். பக்கத்து நிலத்துக்காரர் இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லும் செல்லும். நிலம் வேறொருவருக்குக் கிரயமானபின் வாய்ச்சொல் உடன் வராது. பத்திரமும் பதிவேடும்தான் வரும். ஆகவே, சச்சரவு இல்லாத காலத்திலேயே பாதையைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வது நலம். அதற்கான முறைகளைக் கீழே காண்போம்.

மூன்று வகைப் பாதைகள்

முதலாவது, புறம்போக்குப் பாதை. கிராமக் கணக்கில் வண்டிப்பாதை அல்லது நடைபாதை என்று தனிப் புல எண்ணிலோ உட்பிரிவிலோ காட்டப்பட்டிருக்கும். இது அரசுக்குச் சொந்தமானது, எல்லோரும் பயன்படுத்தலாம். கொங்கு நாட்டில் இருபுறமும் உயிர்வேலியுடன் செல்லும் இட்டேரிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது, பட்டா நிலத்தின் வழியே செல்லும் மாமூல் பாதை. நிலம் ஒருவருடையது, அதன் வழியே போய்வரும் பாத்தியம் இன்னொருவருடையது.

மூன்றாவது, இசைவுப் பாதை. "அறுவடைக்கு மட்டும் விடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் போவது இது. எத்தனை ஆண்டு போனாலும், கேட்டுப் போகும் வழி உரிமையாக மாறுவதில்லை. கொடுத்தவர் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

உங்கள் பாதை இவற்றுள் எவ்வகை என்று தெரிந்தால்தான் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது தெரியும். இது தெரியாமல் மனுமேல் மனு எழுதிக் காலத்தை வீணாக்குவோர் பலர்.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்

கிராம வரைபடம், புலப்படம், "அ" பதிவேடு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். புலப்படத்தில் பாதையைப் புள்ளிக் கோடுகளால் காட்டியிருப்பார்கள். அந்தப் பாதைக்குத் தனி உட்பிரிவு எண் உண்டா, "அ" பதிவேட்டில் அந்த எண் அரசுப் புறம்போக்கு என்று உள்ளதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா நிலத்தினுள் புள்ளிக் கோடு மட்டும் இருந்து தனி எண் இல்லையென்றால், பாதை இருந்ததற்கு அது சான்றாகும். ஆனால் அந்த நிலம் அரசுடையது என்று பொருளாகாது.

1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல உட்பிரிவு எண்கள் மாறியுள்ளன. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய ஆவண நகல் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்து பெறலாம். அத்துடன் உங்கள் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றின் சொத்து விவரத்தையும், பாதை செல்லும் நிலத்தின் பழைய பத்திரங்களையும் படியுங்கள். "மாமூல் வண்டித்தடப் பாத்தியம் உள்பட" என்ற ஒரு வரி அங்கே இருந்தால் அது பெரும் பலம்.

புறம்போக்குப் பாதை அடைபட்டால்

வட்டாட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நில அளவர் மூலம் அளந்து எல்லை காட்டும்படி கேளுங்கள். ஆக்கிரமிப்பு உறுதியானால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து அதை அகற்ற வருவாய்த் துறைக்கு அதிகாரம் உண்டு. மனுவில் புல எண்ணையும், பாதை அடைபட்ட நாளையும் குறிப்பிட்டு, புலப்பட நகலை இணைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள மறவாதீர்கள். வருவாய்த் தீர்வாயத்திலும் (ஜமாபந்தி) மனுக் கொடுக்கலாம்.

மாமூல் பாதையானால்

இந்தியாவில் 1882ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு சட்டம் உண்டு. அதன்படி ஒரு பாதையை 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும், அமைதியாகவும், தடையின்றியும், யாரிடமும் இசைவு கேட்காமல் உரிமையாகவும் பயன்படுத்தியிருந்தால் வழிப் பாத்தியம் உண்டாகிறது. அரசு நிலத்தின் மீதானால் 30 ஆண்டுகள் வேண்டும்.

இதில் காலக்கெடு முக்கியம். பாதையை ஒருவர் அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால், உங்கள் அனுபவம் தடைப்பட்டதாகிவிடும். மேலும், அந்த 20 ஆண்டு அனுபவம் வழக்குத் தொடுப்பதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். "அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவோர் உரிமையை இழப்பது இப்படித்தான்.

மற்றொன்றும் உண்டு. நடந்து போகும் பாத்தியம் வண்டி ஓட்டும் பாத்தியம் ஆகாது. ஆகவே பத்திரம் எழுதும்போது ஆள், ஆடுமாடு, வண்டி, டிராக்டர், அறுவடை இயந்திரம் என்று பயன்களையும், அகலத்தையும், திசையையும் தெளிவாக எழுத வேண்டும்.

ஒரே குடும்பத்து நிலத்தைப் பாகம் பிரித்ததால் அல்லது ஒரு பகுதியை விற்றதால் உள்பக்கத்து நிலத்துக்கு வேறு வழியே இல்லாமற் போனால், தேவை கருதிய வழிப் பாத்தியத்தைச் சட்டம் தருகிறது. இதற்கு 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னர் வேறு வழி கிடைத்துவிட்டால் இப்பாத்தியம் முடிந்துவிடும்.

பட்டா நிலத்தில் உள்ள பாத்தியத்தை இறுதியாக முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றமே. இருப்பினும் தகராறு முற்றி அமைதி குலையும் நிலை ஏற்பட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்துப் பாதையை அடைக்கக் கூடாதென உத்தரவிடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 166ஆம் பிரிவு. அதற்கு முந்திய மூன்று மாதங்களுக்குள் பாதையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பருவத்தில் மட்டும் பயன்படும் பாதையானால் கடைசிப் பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடியும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

ஊருக்கே பொதுவாக்கும் வழி

பலருடைய வயல்களுக்கும் ஒரே தடம்தான் வழி என்றால், அதை ஊராட்சியின் பெயருக்கு மாற்றிவிடுவதே நிலையான ஏற்பாடு. 10 அடி அகலம், 300 அடி நீளமுள்ள பாதைக்கு 3,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 7 சென்ட் நிலம் தேவைப்படும். அதை ஒருவரே இழக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது முறையன்று. இருபுறத்தாரும் பாதிப் பாதியாக விடலாம். அல்லது பயன்பெறுவோர் அனைவரும் பணம் சேர்த்து, நிலம் விடுபவருக்கு ஈடு செய்து அவர் மனம் நிறையச் செய்யலாம்.

உடன்பாடு ஆனபின் நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட வேண்டும். நிலத்தின்மேல் கடன் உள்ளதா என்று வில்லங்கச் சான்றில் பார்க்க வேண்டும். பிறகு ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்ய வேண்டும். கொடுப்பவர் உயிருடன் உள்ளபோதே ஊராட்சி அதைத் தீர்மானம் மூலம் ஏற்றுக்கொள்வது இன்றியமையாதது. இறுதியாக உட்பிரிவு செய்து, கிராமக் கணக்கில் பாதை என்று மாற்றம் பெற்றால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். பத்திரத்தோடு நின்றுவிடுவோர் பின்னால் வருந்துவர்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. வயல் வாங்குமுன் விளைச்சலைக் கேட்பதுபோல் வழியையும் கேளுங்கள். புலப்படத்தை எடுத்துக்கொண்டு நேரில் நடந்து பாருங்கள்.

2. பாகப்பிரிவினையின்போது ஒவ்வொரு பாகத்துக்கும் வழியைப் பத்திரத்தில் எழுதுங்கள். இன்று ஒற்றுமையாக இருக்கும் அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் நாளை அப்படியே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

3. பாதை அடைபட்டால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். வேலியைப் பிடுங்கி எறிந்து வழக்கில் சிக்கிக்கொள்ளாதீர்கள்.

4. பாதையின் பழமை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களே நல்ல சாட்சிகள்.

5. உங்கள் நிலத்தின் வழியே பிறர் போவதானால், அவர்கள் போவது இசைவாலா உரிமையாலா என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பயிர் ஒரு போகம் தவறினால் மறு போகத்தில் ஈடு செய்யலாம். பாதை தவறிப்போனால் தலைமுறைக்கும் துன்பம். இந்த வாரமே ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் வயல் வழி புலப்படத்தில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில், பக்கத்து நிலத்துக்காரருடன் நல்லுறவு உள்ள இந்நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.